ரெயூனியன் எரிமலைக் குகைச் சுற்றுலா: முழங்கால் பட்டைக்கு மட்டும் மார்க் கிடையாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மலை ஏறுகிற ஆள் இல்லை. புனேயில் ராஸ்தா பேட்டையில் 31 வருஷமாக ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறேன். வயது 57. மெஷினை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இப்போது மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று, முழங்கால் மட்டும் பழையபடிதான். இப்படி ஒருத்தி எரிமலைக் குகைக்குள் தவழ்ந்து போய் வரலாமா, கொடுத்த காசுக்குத் தகுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போவதற்கு முன்னால் தேடிப் பார்த்தேன். பிரெஞ்சில் நிறைய எழுதியிருக்கிறார்கள், தமிழில் ஒன்றும் கண்ணில் படவில்லை.

மகள் மொரீஷியஸில் குவாத்ர் போர்ன் ஊரில் குடியிருக்கிறாள், பள்ளியில் புவியியல் டீச்சர். ஆகஸ்ட் விடுமுறைக்கு அவளிடம் போயிருந்தபோது, "அம்மா, பக்கத்துத் தீவில் எரிமலை இருக்கு, முக்கால் மணி நேர ஃபிளைட், வா" என்றாள். அந்தத் தீவுதான் ரெயூனியன், பிரான்ஸுக்குச் சொந்தமானது. மாப்பிள்ளை அதற்குள் டிக்கெட்டே போட்டுவிட்டார். என்னைக் கேட்டதெல்லாம் சும்மா மரியாதைக்கு.

சுற்றுலா நடத்திய கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. அந்தச் சாலையில் இதே வேலையைச் செய்கிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள். நான் குறை சொல்லப் போவதும் நிறைய இல்லை.

கட்டணம் ஆளுக்கு 60 யூரோ. லைனிங் வைத்த ஜாக்கெட் எட்டு ஒன்பது தைத்தால்தான் எனக்கு அந்தக் காசு. மூன்று பேருக்கு என்று கணக்குப் போட்டதும் எனக்கு நெஞ்சை அடைத்தது. "அத்தை, கணக்குப் போடாதீங்க" என்றார் மாப்பிள்ளை. கணக்குப் போடாமல் எப்படி இருப்பது?

செயின்ட் டெனி ஊரிலிருந்து கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். வழியெல்லாம் கரும்பு. செயின்ட் ஆந்த்ரே வந்ததும் கோபுரம் தெரிந்தது, நம் ஊர்க் கோபுரமேதான், பளிச்சென்று வண்ணம் அடித்து. 1848இல் அடிமை முறையை ஒழித்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் கட்டிக் காக்கிற கோயில்கள் இவை. அவர்களை இங்கே மலபார் என்கிறார்கள். இறங்கிக் கும்பிட நேரமில்லை, கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன்.

பிற்பாடு செயின்ட் ரோஸ் பக்கத்தில் ஒரு சர்ச். 1977இல் எரிமலைக் குழம்பு ஊருக்குள் இறங்கி, வீடுகளை விழுங்கி, இந்தச் சர்ச்சைச் சுற்றி வளைத்து, வாசலுக்குள் கொஞ்சம் நுழைந்து நின்றுவிட்டதாம். கல்லாய் உறைந்த குழம்பு இன்றைக்கும் சுவரோரமாகக் கிடக்கிறது. யார் சாமியாக இருந்தால் என்ன, அங்கே இறங்கி இரண்டு நிமிஷம் நின்றேன்.

அதற்கப்புறம் வரும் இடத்துக்குக் கிராண்ட் ப்ரூலே என்று பெயர். பெரிய கருகல் என்று அர்த்தமாம். சாலைக்குக் குறுக்கே குழம்பு ஓடிக் கடலில் விழுந்த தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது ஓடிய வருஷத்தை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பழைய வருஷப் பலகை என்றால் மரமே நிற்கிறது. 2004 பலகைக்குப் பின்னால் சாம்பல் நிறப் பாசி படர்ந்து, இடுக்கில் பெரணி முளைத்திருக்கிறது. 2007 பலகைப் பக்கம் இன்னும் பெரும்பாலும் கறுப்புதான். அந்த வருஷம் ஏப்ரலில் இந்தச் சாலையையே குழம்பு மூடியது. மேலே உச்சியில் பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கும் கீழே இடிந்து இறங்கியது. என்னை நிறுத்தியது அந்தக் கறுப்பு. ரொம்பத் தெரிந்த கறுப்பாக இருந்தது. எங்கே பார்த்தேன் என்றுதான் பிடிபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வழிகாட்டி 20 நிமிஷம் தாமதம். ஆங்கிலத்திலும் விளக்குவோம் என்று பதிவு செய்யும்போது போட்டிருந்தார்கள். எங்களோடு சேர்ந்து வந்த ஐந்து பேரும் பிரெஞ்சுக்காரர்கள், அதனால் முக்கால்வாசி பிரெஞ்சிலேயே போயிற்று. மகள் இல்லாவிட்டால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நடந்திருப்பேன். பையன் என்னவோ தங்கமான பையன். சட்டையில் குத்தியிருந்த பெயர் நம் ஊர்ப் பெயர், எழுத்துக்கூட்டல்தான் பிரெஞ்சு. "தமிழ் தெரியுமா தம்பி?" என்றேன். சிரித்துவிட்டு "கோயிலில் மட்டும், மதாம்" என்றான்.

கொடுத்த சாமான்களில் தலைக்கவசம் சுத்தம். அதற்குள் போட்டுக்கொள்ள மெல்லிய தொப்பியும் ஆளுக்கொன்று புதிதாகக் கொடுத்தார்கள். நெற்றி விளக்கு நல்ல வெளிச்சம். கையுறை சுமார். முழங்கால் பட்டையைத்தான் சொல்ல வேண்டும். எலாஸ்டிக் செத்துப்போய்ப் பல மாசம் ஆகியிருக்கும். இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்பி வருவதில்லை. யாரோ ஓரத்தில் ஒற்றைத் தையல் ஓட்டி ஒப்பேற்றியிருந்தார்கள், முடிச்சுகூடப் போடவில்லை. பத்தடி போவதற்குள் பட்டை கணுக்காலுக்கு வந்துவிட்டது. எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு இதே கதி. 60 யூரோ வாங்குகிறவர்கள் இரண்டு மீட்டர் எலாஸ்டிக் வாங்க மாட்டார்களா?

குகை என்றால் நம் கோயில் குகை மாதிரி நினைத்துப் போகாதீர்கள். 2004இல் குழம்பு மலையிலிருந்து கடலை நோக்கி ஓடியபோது மேல்பக்கம் காற்றில் ஆறி இறுகிவிட்டது, காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி. அந்த ஆடைக்கு அடியில் 1,100 டிகிரிக்கு மேல் சூடான குழம்பு ஆறாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே வரத்து நின்றதும் உள்ளே இருந்தது வடிந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது வெறும் குழாய். சில இடத்தில் இரண்டு ஆள் உயரம். சில இடத்தில் வயிற்றால் ஊர வேண்டும்.

உள்ளே பார்த்ததில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு விளிம்பு, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. ஓடிய குழம்பின் மட்டம் இறங்க இறங்க விட்டுப்போன தடம். நான் பார்த்த மாத்திரத்தில் அது பாவாடையில் வைத்த டக்கு மடிப்பு. வரிசை பிசகாமல் குகை முழுக்க வருகிறது. இன்னொன்று கூரை. அங்கிருந்து விரல் நுனி அளவில் கறுப்புச் சொட்டுகள் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. சொட்டும்போதே உறைந்தவை. தொடக்கூடாது என்றான், தொடவில்லை. ஆனால் விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தபோது கல்லுக்குள்ளே பச்சையாகப் பொடிமணி மின்னியது. ஆலிவின் என்றாள் மகள். ஆரி வேலைக்குப் பதிக்கிற கண்ணாடி மணி அளவுதான், நிறம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காத பச்சை.

தவழ்கிற இடம் நாலு மீட்டர் இருக்கும். அங்கேதான் என் பேன்ட் இடது முழங்காலில் கிழிந்தது. தரை தோசைமாவு கெட்டியான மாதிரி வழவழப்பாக இருந்தால் பிழைத்தீர்கள். முள்ளு முள்ளாக இருக்கிற இடமும் உண்டு. அந்த ரகக் கல்லுக்கு இங்கே கிராத்தோன் என்று பெயர். வறுத்த பன்றித்தோலுக்கும் இதே பெயர்தானாம். மொறுமொறுப்பை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள். என் முழங்காலுக்கு அந்த மொறுமொறுப்பு நன்றாகவே தெரியும்.

குகையின் கடைசியில் எல்லோரையும் உட்காரச் சொல்லி விளக்கை அணைக்கச் செய்தான். அப்படி ஓர் இருட்டு. இதெல்லாம் எல்லாக் குகையிலும் செய்கிற வித்தைதான் என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். அதற்கு அப்புறம் செய்ததுதான் வித்தை. தன் விளக்கை மட்டும் ஏற்றி, பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு வரைபடத்தை எடுத்தான். மூலையெல்லாம் உரிந்து, நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, நைந்துபோன படம். இந்தியப் பெருங்கடலில் தண்ணீரை வடித்துவிட்டு அடித்தரையைக் காட்டுகிற படம். "ஹாட்ஸ்பாட்" என்று ஆரம்பித்தான். மாப்பிள்ளை சட்டென்று போனை எடுத்தார். மகள் முறைத்ததும் உள்ளே வைத்துவிட்டார்.

பையன் விரலை ரெயூனியனில் வைத்தான். இது கடலுக்கு மேலே தெரிகிற நுனி மட்டும் என்றான். அடியில் கடல் 4 கிலோமீட்டருக்கு மேல் ஆழம், மேலே பித்தோன் தெ நேழ் உச்சி 3 கிலோமீட்டர், ஆக 7 கிலோமீட்டர் மலை. அடிப்பாகம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். முழு மலையில் கண்ணுக்குத் தெரிவது நூற்றில் மூன்று பங்குதான். நாங்கள் ஒன்றரை மணி நேரம் காரில் வந்தது, கோயில், கரும்பு, சர்ச் எல்லாமே அந்த மூன்று பங்குக்குள்.

அங்கிருந்து விரல் வடகிழக்கே நகர்ந்து மொரீஷியஸ். அப்புறம் மேலே நஸரத் திட்டு, சாயா தெ மால்யா திட்டு, இரண்டும் முழுக்கத் தண்ணீருக்குள். அங்கே கோடு அறுந்துவிட்டது. கிழக்கே தள்ளிச் சாகோஸ் தீவுகளில் மறுபடி பிடித்து, நேர் வடக்கே மாலத்தீவு, லட்சத்தீவு. கடலுக்கடியில் ஒரே நீளமான மலைமுதுகு, அதன் மேல் அங்கங்கே பவளத் திட்டு. விரல் நேராகப் போய் நின்ற இடம் பம்பாய். பம்பாயிலிருந்து உள்ளே ஒரு நகம் தள்ளினால் என் வீடு.

"நான் அந்த ஊர்" என்று தொட்டுக் காட்டினேன்.

பையன் நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்: "அப்படியானால் உங்கள் ஊர்க் கல்லும் இங்கிருந்து வந்ததுதான், மதாம்."

அந்தக் கறுப்பை எங்கே பார்த்தேன் என்று அப்போதுதான் பிடிபட்டது. சிம்மகட் கோட்டை ஏறும்போது காலுக்குக் கீழே கிடக்கிற கல். எங்கள் வாடகை வீட்டுச் சுவர். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா சட்னி அரைக்கிற அம்மி. துணி வெட்டும்போது நகராமல் இருக்க நான் மேலே வைக்கிற கறுங்கல்லும் அதே ரகம்தான். எங்கள் தெருவில் அஸ்திவாரம் தோண்டியபோது பொறுக்கியது. உள்ளே ஒரு பொத்தலில் வெள்ளைப் படிகம் கொத்தாக இருக்கும். அந்தப் பொத்தல், குழம்பு ஆறும்போது அதில் இருந்த வாயுக் குமிழி. பின்னால் நீர் இறங்கி அதில் படிகம் வளர்ந்தது. இருபது வருஷமாக அதை வெயிட்டாக வைத்திருக்கிறேன். அது என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அது நடந்த விதம் இப்படியாம். பூமியின் ஆழத்தில் ஓர் இடத்திலிருந்து சூடான பாறை மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த இடத்தைத்தான் ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். ஆழத்தில் இருக்கும்வரை அழுத்தம் அதை உருக விடாது. மேலே வர வர அழுத்தம் குறைந்து உருகுகிறது. குக்கர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே அடங்கியிருந்த தண்ணீர் பொங்குமே, அது மாதிரி. இடம் ஏறக்குறைய அப்படியே இருக்க, மேலே நிலத்தட்டு நகர்ந்து போகிறது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால் அந்த இடத்துக்கு மேலே இருந்தது இந்தியா. இந்தியாவே அப்போது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. பொங்கி வழிந்த குழம்பு அடுக்கடுக்காகப் படிந்துதான் தக்காணம் ஆனது. இன்றைக்கும் சுமார் 5 லட்சம் சதுரக் கிலோமீட்டருக்கு அந்தக் கல் கிடக்கிறது. அப்புறமும் இந்தியா வடக்கே நகர்ந்துகொண்டே போனது. அடியில் இருந்த சூடு தன் வேலையை நிறுத்தவில்லை. மேலே கடல்தரை வந்ததும் அதைக் குத்தி மலை எழுப்பியது, அது நகர்ந்ததும் அடுத்தது.

பையன் மெழுகுவர்த்தி, காகிதம் என்று உதாரணம் சொல்ல ஆரம்பித்தான். எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. தையல் மெஷினில் ஊசி நகராது. அது இருந்த இடத்தில் ஏறி இறங்கும். துணிதான் போகும். போன துணியில் வரிசையாகத் தையல் விழும். மகளிடம் சொன்னேன். டீச்சர் இல்லையா, உடனே திருத்தினாள்: "ஊசி மேலேயிருந்து குத்துது அம்மா, இது கீழேயிருந்து." சரி, பாபின் நூல் என்று வைத்துக்கொள். விடவில்லை: "தையல் எல்லாம் ஒரே வயசா என்ன?" அதுதானே விஷயம்! ஊசிக்குப் பக்கத்தில் இருப்பது புதுத் தையல், தள்ளிப் போகப் போகப் பழசு.

அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1987இல் ஜாய்டஸ் ரெசொல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் மொரீஷியஸின் போர்ட் லூயியில் கிளம்பி, இந்த வரிசை நெடுகக் கடல்தரையைத் துளைத்துக்கொண்டே போய்க் கொழும்பில் கரையேறியது. மாலத்தீவுப் பக்கம் எடுத்த எரிமலைக் கல்லுக்கு வயது சுமார் 5 கோடியே 70 லட்சம், சாகோஸில் 4 கோடியே 90 லட்சம், நஸரத் திட்டுப் பக்கம் 3 கோடியே 30 லட்சம். மொரீஷியஸின் பழைய கல் 90 லட்சத்தை ஒட்டி. ரெயூனியனில் எட்டுகிற பழைய கல் 20 லட்சம் சொச்சம். ஒரு தையல்கூட வரிசை மாறவில்லை. மகள் இதை வகுப்பில் பத்து வருஷமாக நடத்துகிறாளாம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்கவில்லையாம்.

கோடு ஏன் நடுவில் அறுந்தது என்று கேட்டேன். கேட்டது நான் மட்டும்தான் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். கடல்தரையில் ஒரு நீளப் பிளவு இருக்கிறதாம். அதன் இரண்டு பக்கமும் தட்டுகள் விலகிக்கொண்டே இருக்கும், நடுவில் புதுத் தரை உண்டாகும். அந்தப் பிளவு நகர்ந்து நம் ஊசியைத் தாண்டிப் போயிற்று. அதுவரை இந்தியத் துணியில் விழுந்த தையல், அதற்குப் பிறகு ஆப்பிரிக்கத் துணியில் விழ ஆரம்பித்தது. பிளவு இன்னும் விலகிக்கொண்டே போவதால், ஒரு காலத்தில் ஒட்டியிருந்த சாகோஸும் சாயா தெ மால்யாவும் இன்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கின்றன. எங்கள் பாஷையில், தைத்துக்கொண்டிருக்கும்போதே துணியின் குறுக்கே கத்திரி விழுந்துவிட்டது.

தையலின் இடைவெளியும் ஒன்று போல இல்லை. இந்தியா அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. முக்கால் சாண் என்று வையுங்கள். ஆசியாவில் முட்டிக்கொண்ட பிறகுதான் வேகம் குறைந்தது. ஆப்பிரிக்கத் துணி நிதானம், ஆண்டுக்கு விரற்கடை அளவு. கற்றுக்கொள்ளும் பெண் முதல் நாள் மோட்டார் மெஷினில் உட்கார்ந்தால் துணியை இழுத்துவிடுவாள், தையல் நீள நீளமாக விழும். இந்தியா அப்படி இழுத்திருக்கிறது.

இந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் இவர்களுக்கு மார்க் போடுகிறேன். ஆனால் இவர்கள் விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. "எரிமலையின் வயிற்றுக்குள் ஒரு சாகசம்" என்று எழுதி, தவழ்கிற படத்தைப் போட்டிருக்கிறார்கள். தவழ எங்கே வேண்டுமானாலும் தவழலாம், எங்கள் கடையில் கீழே விழுந்த ஊசியைத் தேடி தினம் தவழ்கிறேன். அந்த நைந்த படத்தைப் பெரிதாக அச்சடித்து, வெளியில் வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லலாம். பின்னால் உட்கார்ந்த பிரெஞ்சுத் தம்பதிக்குப் படமே தெரியவில்லை.

வெளியே வந்ததும் மழை. அந்தப் பக்கம் மழை என்பது நம் மழை இல்லை. இதே எரிமலையின் மேல் கொமெர்சோன் பள்ளத்தில் 2007 பிப்ரவரிப் புயலில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருக்கிறது. புனேயில் நாலைந்து வருஷத்து மழை. காரில் உட்கார்ந்து துவட்டிக்கொள்ளும்போது மகளிடம் மிச்சத்தைக் கேட்டேன்.

மாலத்தீவில் எரிமலையே இல்லையே, வெறும் மணல் திட்டுதானே என்பது என் சந்தேகம். எரிமலை இருந்தது, மூழ்கிவிட்டது என்றாள். ஊசியை விட்டு விலகிய கடல்தரை ஆறி, கனத்து, மெல்ல இறங்கும். மலையின் சொந்தப் பாரமும் அழுத்தும். மலை இறங்க இறங்க அதைச் சுற்றி வளர்ந்த பவளம் வெளிச்சத்தை விடக்கூடாது என்று மேலே மேலே கட்டிக்கொண்டே போகும். கடைசியில் மலை போய்விடும், பவள வளையம் மட்டும் மிஞ்சும். மாலத்தீவில் துளை போட்டபோது எரிமலைக் கல்லை எட்ட 2 கிலோமீட்டருக்கும் மேல் சுண்ணாம்புக்குள் இறங்க வேண்டியிருந்ததாம். பவளத் தீவுகள் இப்படித்தான் உண்டாகின்றன என்று டார்வின் 1842லேயே எழுதிவிட்டார். அதற்கு ஆறு வருஷம் முன்னால் பீகிள் கப்பலில் மொரீஷியஸுக்கும் வந்திருக்கிறார்.

அவள் சொன்னதற்கப்புறம் இரண்டு தீவும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. ரெயூனியன் சின்ன வயசு. கரையோடு பவளம் மேற்கே கொஞ்சம்தான், மற்றப் பக்கம் அலை நேராகக் கறுப்புப் பாறையில் மோதுகிறது. மொரீஷியஸ் நடுத்தர வயது. மலையெல்லாம் தேய்ந்து, சுற்றிலும் பவளத் தடுப்பு, உள்ளே குளம் மாதிரி அமைதியான கடல். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்துத்தான் முதல் வாரம் பூரித்துப் போயிருந்தேன். காலுக்கடியில் இருந்த கல்லையும் பார்த்திருக்கலாம்.

எல்லா வரிசையும் எரிமலைத் தீவாக மேலே வருவதில்லை, பெரும்பாலான மலைகள் தண்ணீரைத் தாண்டாமலே செத்துப்போகின்றன என்றும் சொன்னாள். ஆழத்தில் குளிர்ந்த நீரில் குழம்பு கசியும்போது உருண்டை உருண்டையாகத் தலையணை வடிவில் உறையுமாம். தலையணை மேல் தலையணையாக லட்சக்கணக்கான வருஷம் அடுக்கினால்தான் ஒரு மலை. பாடப்புத்தகத்தில் ஹவாய் வரிசைதான் உதாரணமாம். 6,000 கிலோமீட்டர் நீளம், நடுவில் ஒரு திருப்பம், அது சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுக்கு முன்னால் விழுந்தது. சூடு இருந்த இடத்தில் இருக்கிறது, தரை நகர்கிறது என்று 1963இல் டூசோ வில்சன் என்ற கனடாக்காரர் சொன்னதே அந்தத் தீவுகளைப் பார்த்துத்தான். துணியைத் திருப்பியதால் தையல் திரும்பியது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். இப்போது ஊசியும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்கிறார்கள். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பழைய மெஷினில் ஊசி ஆடும்.

மறுநாள் மேலே பா தெ பெல்கோம்ப் காட்சிமுனைக்குப் போனோம். மூடுபனி. கீழே ஃபோர்மிகா லெயோ என்ற குட்டிச் சிவப்புக் கூம்பு ஒரு நிமிஷம் தெரிந்து மறைந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அங்கே கழிப்பறை கிடையாது, வருகிற வழியில் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் என்பார்கள், நாலு ஆகும். புடவை, சுடிதார் துப்பட்டா எதுவும் ஆகாது. தடித்த பேன்ட், முழுக்கை, கணுக்காலை மூடும் ஷூ. தவழ முடியாதவர்களுக்குத் தவழாத குட்டிச் சுற்றும் இருக்கிறதாம், முன்பதிவில் கேளுங்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. ஊர்க் கடையில் எனக்குக் கிடைத்தது சோறும், அவரையும், ஆஷார் என்கிற காய்கறி ஊறுகாயும். ஆஷார் நன்றாகவே இருந்தது, ஆசார் என்று நம் பக்கம் சொல்வதுதான், கப்பலில் வந்தது. கல்லை எடுக்கக் கூடாது என்று உள்ளே போகும்போதும் வரும்போதும் சொல்கிறார்கள். எடுக்கவில்லை. எனக்குத்தான் வீட்டிலேயே இருக்கிறதே.

ஐந்துக்கு நான்கு. படத்துக்கும் பையனுக்கும் நான்கும். ஆங்கிலத்துக்கு அரை, பட்டைக்கு அரை கழித்துவிட்டேன்.

கம்பெனிக்காரர்கள் யாராவது மொழிபெயர்த்துப் படிப்பதானால்: முழங்கால் பட்டைக்கு இரண்டு அங்குல அகல எலாஸ்டிக் வாங்குங்கள், ஓரத்தில் ஒற்றைத் தையல் நிற்காது, பெட்டி போட்டுக் குறுக்கே இரண்டு கோடு ஓட்ட வேண்டும். டிசம்பரில் மறுபடி மகள் வீட்டுக்கு வருகிறேன். பத்து ஜோடி என்றால் ஒரு மத்தியானத்தில் முடித்துத் தருவேன். கூலி வேண்டாம், அந்தப் படத்தில் ஒரு பிரதி கொடுத்தால் போதும், மூலை உரியாததாக.